சூறாவளிக்கு அடுத்த மாசி

1977 தேர்தலில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு சின்னங்கள் இருந்தன. பெரியப்பாவுக்குச் சூரியன், அண்ணனுக்கு வீடு. மட்டக்களப்பு அப்போது இரட்டை அங்கத்தவர் தொகுதி. சூரியனில் கேட்டவர் செ. இராசதுரை. 1956 முதல் எங்கள் எம்.பி. வீட்டுச் சின்னத்தில் கேட்டவர் கவிஞர் காசி ஆனந்தன். இருவரையும் நிறுத்தியது ஒரே தலைமைதான். ஒருவருக்குத் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சூரியன், மற்றவருக்குத் தமிழரசுக் கட்சியின் பழைய வீடு. இரண்டு பேரும் வந்துவிடலாம் என்று விளக்கம் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போட்ட கணக்கு அது என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இராசதுரை முதலாவதாக வந்தார். இரண்டாவது ஆசனம் ஐக்கிய தேசியக் கட்சியின் அகமது பரீதுக்குப் போனது. அந்தத் தேர்தலோடு அண்ணனும் பெரியப்பாவும் நேருக்கு நேர் அரசியல் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

பெரியப்பாவின் பற்றுக்குக் காரணம் இராசதுரையின் பேச்சு. ‘சொல்லின் செல்வர்’ என்றால் ஊரில் வேறு பெயர் தேவையில்லை. 1961இல் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகத்துக்குக் குந்தியிருந்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர். இராசதுரையின் கூட்டமொன்றைக் கேட்டுவிட்டு வந்த சூட்டில் போனவர் அவர். நான் சிறுவனாகக் கேட்ட கூட்டங்களில் மழை தூறினாலும் ஒருவரும் எழும்பமாட்டார்கள். உரிமை, மண், மானம் எல்லாம் எங்களுக்குப் புத்தகத்தில் வந்தவையல்ல, அந்த ஒலிபெருக்கியில் வந்தவை.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. விடிந்தபோது தென்னைகள் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. கூரையுள்ள வீட்டை எண்ணிவிடலாம். அடுத்து வந்த மாதங்கள் நிவாரண வரிசையிலேயே போயின. எங்கள் வாக்கு இருந்தது எதிர்க்கட்சிப் பக்கம், தகரம் இருந்தது அரசாங்கத்தின் கையில். கல்குடாவில் ஐ.தே.க.வில் வென்ற தேவநாயகம் அமைச்சராக இருந்தார். “அங்கால மந்திரி, இங்கால மேடை” என்று ஒருவர் வரிசையில் நின்று சொன்னபோது சிரித்தோம்.

இராசதுரை அதற்காகத்தான் அரசாங்கப் பக்கம் போனார் என்று நான் சொல்லவரவில்லை. 1977இன் காயம் ஆறவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். 1979 பெப்ரவரி 26ஆம் திகதி அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் வந்தது. கட்சியை விட்டாலும் ஆசனம் பறிபோகாமல் இருக்க அது வழி வைத்தது. பாராளுமன்றத்தின் ஆறில் ஐந்து பங்கு ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனாவின் கையில் இருக்க, எதுவும் நடக்கும். ஆருக்காக இந்தத் திருத்தம் என்பது சந்தையில் மீன் விற்கிறவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மார்ச் 7ஆம் திகதி இராசதுரை அரசாங்கப் பக்கம் போய் அமர்ந்தார். பிரதேச அபிவிருத்தி அமைச்சர் பதவி கிடைத்தது.

“மறுகா என்ன மனே, போயித்தார்” என்றார் பெரியப்பா. வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகம். பொத்துவில் எம்.பி. கனகரத்தினம் இதே போலக் கூட்டணியிலிருந்து அரசாங்கப் பக்கம் போய், 1978 ஜனவரியில் கொழும்பில் சுடப்பட்டிருந்தார்.

அண்ணனும் கூட்டாளிகளும் இரவிரவாகச் சுவரொட்டி எழுதினார்கள். எழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். மானம், மண், துரோகம் என்று நாங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அவர் மேடையிலிருந்து வந்தது. அவரை ஏசுவதற்கு அவருடைய தமிழைவிட்டால் எங்களிடம் வேறு தமிழ் இருக்கவில்லை. ஆசனத்தோடு மட்டும் ஒருவர் போயிருந்தால் ஊர் அவ்வளவு கொதித்திருக்காது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். தேவநாயகத்தை ஒருவரும் அப்படி ஏசியதில்லையே.

1983 ஜூலைக்குப் பிறகு ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்துக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். இராசதுரை அமைச்சராகவே இருந்தார். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன வீடுகளிலிருந்து தாய்மார் எங்கள் வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். அமைச்சருக்குக் கடிதம் எழுதவேண்டும். சிலர் அண்ணனோடு சுவரொட்டி ஒட்டியவர்களின் தாய்மார். அண்ணன் அதற்குள் வீட்டை விட்டுப் போய்விட்டிருந்தான்.

முதல் கடிதத்தில் பெயருக்கு முன்னால் ‘சொல்லின் செல்வர்’ போடவா என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

“கௌரவ அமைச்சர் எண்டு மட்டும் எழுது மனே. பிள்ளைட பேரைப் பெரிசா எழுது.”