தடை சொல்லும் கணக்கு

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பில் அகண்ட காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கிச் செல்ல, வடகிளை கொள்ளிடம் ஆகிறது. இரண்டுக்கும் நடுவே திருவரங்கம் தீவாகக் கிடக்கிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவும் மிகுந்தது. ஆதலால் ஒரு காலத்தில் நீரின் பெரும்பகுதி அவ்வழியே ஓடிவிட, காவிரிக் கிளை மணல் மேடிட்டது; தஞ்சை வயல்களுக்கு நீர் குறைந்தது. 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையை எழுப்பினார். எளிதாக ஓடிய வழியில் ஒரு தடை வைக்கப்பட்டது. நீர் மறுவழியை நாடியது. மின்னியல் பயில்வோர்க்கு இதனினும் நல்ல முதற்பாடம் அமைவது அரிது.

மின்சுற்றில் பக்க இணைப்பு என்று கூறப்படுவது இத்தகையதே. 12 வோல்ட் மின்கல அடுக்குடன் 20 ஓம், 60 ஓம் தடைகள் இரண்டைப் பக்க இணைப்பில் பொருத்தினால், முன்னதில் 0.6 ஆம்பியரும் பின்னதில் 0.2 ஆம்பியரும் ஓடும். தடை மூன்றில் ஒரு பங்கானால், ஓட்டம் மும்மடங்காகும். எனினும் உவமைக்கு எல்லை உண்டு. காவிரி கடலில் கலந்துவிடலாம். மின்னோட்டமோ புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். திரும்பும் வழி அறுந்தால் ஓட்டமே இல்லை.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். இன்று ஒரு வரியில் முடிந்துவிடும் இவ்வுண்மைகளுள் முதலாவதைக் கண்டறிந்தவர், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789இல் பிறந்த ஜெர்மானியர் ஜார்ஜ் சைமன் ஓம். பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1827இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். தாய்நாட்டில் அதற்கு உரிய வரவேற்பு இல்லை. இலண்டன் அரச கழகம் 1841இல் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. பதினான்கு ஆண்டுகள் ஓர் எளிய வகுத்தல் கணக்கு காத்திருக்க நேர்ந்தது!

கணக்கின் பயன் திருவரங்கத்து இராசகோபுரத்தின் உச்சியில் தெளிவாகும். 1987இல் முற்றுப்பெற்ற அக்கோபுரத்தின் உயரம் 236 அடி. ஏறத்தாழ 72 மீட்டர். விழாக் காலத்தில் அதன் உச்சியில் 1000 வாட் விளக்குகளை எரிப்பதாகக் கொள்ளலாம். 230 வோல்ட்டில் அவற்றுக்கு வேண்டிய மின்னோட்டம் 4.35 ஆம்பியர். ஏறவும் இறங்கவும் 144 மீட்டர் செப்புக் கம்பி தேவை. 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள கம்பியாயின், அதன் தடை ஏறக்குறைய 1.65 ஓம். எனவே வழியிலேயே 7 வோல்ட் அளவுக்கு அழுத்தம் குறையும். 31 வாட் கம்பியைச் சூடாக்கி வீணாகும். விளக்குகளை இருமடங்காக்கினால் இழப்பு இருமடங்காவதோடு நிற்பதில்லை. ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப நான்கு மடங்காகி, 125 வாட் அளவை எட்டும். பந்தல்களில் மெல்லிய கம்பிகள் உருகித் தீப்பற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே கோபுரத்தில் எல்இடி விளக்குகளை அமைத்து 100 வாட் மட்டும் செலவிட்டால், கம்பியில் இழப்பு முன்னதில் நூற்றில் ஒரு பங்கே.

வகுத்துப் பெறும் தடை எப்போதும் மாறாதது என்று எண்ணிவிடலாகாது. 60 வாட் குண்டு விளக்கின் தடை, கணக்குப்படி ஏறத்தாழ 882 ஓம். அணைந்திருக்கும் விளக்கை மானியால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே காட்டும். பொய்யுரைப்பது மானியும் அன்று, விதியும் அன்று. டங்ஸ்டன் இழை வெண்சூடு அடையும்போது அதன் தடை பெருகுகிறது. குளிர்ந்த இழையில் பாயும் முதல் ஓட்டம் மிகுதியாதலின், பழைய விளக்குகள் பெரும்பாலும் பொத்தானை அழுத்தும் நொடியிலேயே உயிர்விட்டன.

மனித உடலின் தடையும் ஒரே நிலையில் நிற்பதன்று. உலர்ந்த தோல் பல்லாயிரம் ஓம் தடை தருவது. நனைந்த தோலோ ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். 230ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஒரு சிறு விளக்கை எரிக்கப் போதுமான அவ்வோட்டம், இதயத்தின் துடிப்பைக் குலைக்கவும் போதுமானது. உயரழுத்தக் கம்பியாயின், தீண்டிய பின் தடையை நம்பி இருக்க இடமே இல்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் அத்தகைய கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர். தேர் வரும் வீதியில் மின்சாரத்தை நிறுத்துவது இதன்பொருட்டே. இருளைச் சற்றுநேரம் பொறுத்துக்கொள்வதில் குறையொன்றும் இல்லை.

வீடுகளில் இப்பணியை மின்கசிவுத் துண்டிப்பான் செய்கிறது. சென்ற ஓட்டமும் திரும்பிய ஓட்டமும் சமமா என்று அது இடையறாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், ஓட்டம் யார் உடல் வழியாகவோ மண்ணுக்கு இறங்குகிறது என்று கொண்டு நொடிக்குள் இணைப்பை அறுத்துவிடும். அம்மா மண்டபப் படித்துறையில் நீராடி ஈரக் கையுடன் வீடு திரும்பும் ஒருவர் பழுதுற்ற பொத்தானைத் தொட்டால், 0.23 ஆம்பியர் ஓட்டம் நிலைத்துவிடாமல் தடுப்பது அந்தச் சிறு பெட்டியே.