கட்டை விரலும் 400 வெள்ளி ரீலும்

"இந்த வயசில இன்னொரு ரீலா? ஸ்டோர் ரூம்ல இருக்கிற நாலு பத்தாதாங்க?" என்று கேட்டார் என் மனைவி.

நியாயமான கேள்விதான். அந்த நான்கில் ஒன்று, நான் ஆசிரியராகிச் சில ஆண்டுகள் கழித்து, 1983இல் பழைய பொருளாக வாங்கிய சிவப்பு அம்பாசடர் 5000. ஆபு என்ற சுவீடன் நிறுவனம் செய்தது. 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கி, டாக்சி மீட்டரும் செய்து, பிறகு ரீலுக்கு வந்தவர்கள். கடிகாரக்காரர் கைவேலை என்பது திறந்து பார்த்தாலே தெரியும். நாற்பது ஆண்டுகளாக எண்ணெய் விட்டு வருகிறேன். இன்றும் சுற்றுகிறது. பழுது ரீலில் இல்லை. என் வலது கட்டை விரலில் இருந்தது.

தூண்டில் பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது நூல் மட்டும் உருவிக்கொண்டு போகும், உருளை அசையாது. நம் பையன்கள் 'பி.சி.' என்று சொல்லும் ரீலில் உருளையே சுழன்று நூலை விடும். இரை காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை பழைய வேகத்திலேயே சுற்றினால் நூல் உள்ளே பொங்கி, குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க, வீசும்போது கட்டை விரலை உருளைமேல் மெல்லத் தடவினாற்போல் வைத்திருக்க வேண்டும். அழுத்தினால் இரை போகாது. விட்டால் கூடு கட்டும். எவ்வளவு என்பதை யாரும் சொல்லித்தர முடியாது, விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த விரல் இரண்டு ஆண்டுகளாக மரத்துப்போய்க் கிடந்தது. மணிக்கட்டில் நரம்பு நெருக்குகிறது என்றார்கள். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்து வலி போனது. ஆனால், நுனியில் உணர்ச்சி பாதிதான் திரும்பியது. சட்டைப் பொத்தான் போடும்போது விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் போட வேண்டும்.

அது முழுதாகப் புரிந்தது சென்டரோ ஏரியில். பேராக் ஆற்றில் 1930இல் அணை கட்டியதால் உண்டான ஏரி அது. நானும் ரயில்வேயில் ஓய்வுபெற்ற என் மலாய் நண்பரும் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்து போகிறோம். அன்று காலை, சாய்ந்த மரம் ஒன்றின் கீழே ஒரு தோமான் மூச்சு வாங்க மேலே வந்து புரண்டது. விரால் இனம், காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டும். நண்பர், "சிக்கு, நீங்கள் போடுங்கள்" என்று எனக்கு விட்டுக்கொடுத்தார். வீசினேன். குருவிக்கூடு. சிக்கெடுத்து மறுபடி வீசினேன். மறுபடியும் கூடு. மூன்றாவது முறை அவர் வேறு பக்கம் திரும்பி, காப்பி ஊற்றுவதுபோல் பாவனை செய்தார். அந்தக் கருணைதான் என்னை அதிகம் வருத்தியது.

அடுத்த வாரம் ஈப்போவில் ஒரு தூண்டில் கடைக்குப் போனேன். மனைவியுடன் பேசி முடித்த வரம்பு 400 வெள்ளி. கடைக்காரச் சீனத் தம்பி கண்ணாடிமேல் மூன்றை எடுத்து வைத்தார். டாய்வா தாத்துலா, ஷிமானோ எஸ்.எல்.எக்ஸ்., அதன் அண்ணனான எஸ்.எல்.எக்ஸ். டி.சி. முதல் இரண்டும் வரம்பை ஒட்டி இருந்தன. மூன்றாவது கிட்டத்தட்ட 300 வெள்ளி கூடுதல்.

இந்த விலையில் தேடுவோருக்கு நான் அறிந்ததைச் சொல்கிறேன். பெட்டியில் எத்தனை பேரிங் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஐந்து நல்ல பேரிங், பத்து மட்டமான பேரிங்கைவிட மேல். பல் சக்கர விகிதம் 6.3 என்றால் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை 6.3 சுற்று, ஆழத்தில் இழுபடும் கனமான இரைக்கு அது சுகம். 8ஐ ஒட்டியது, தவளை இரை போட்டு, தொய்ந்த நூலைச் சட்டென்று இழுக்க வேண்டியவர்களுக்கு. இரண்டும் செய்பவருக்கு 7ஐ ஒட்டியது போதும். ஐந்து கிராம் இரையை இந்த விலை ரீலில் வீச ஆசைப்படாதீர்கள். பத்து கிராமுக்கு மேல் போனால்தான் உருளை ஒழுங்காகப் புறப்படும்.

முக்கியமானது பிரேக். எஸ்.எல்.எக்ஸ்.ஸில் இருப்பது சுழற்சி விசையில் இயங்குவது: சின்னக் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். தாத்துலாவில் காந்தம்: எதுவும் உரசாமல் காந்தமே உருளையைத் தணிக்கும். அளவை மாற்ற வெளியே 0 முதல் 20 வரை எண் போட்ட திருகு. டி.சி.யில் ஒரு சின்னக் கணினி. உருளை சுற்றும் சுற்றிலேயே மின்சாரம் எடுத்துக்கொண்டு பிரேக் போடும். பேட்டரி கிடையாது.

தம்பி மூன்றையும் கோலில் மாட்டி, ஈயக்குண்டு கட்டி, கடைக்குப் பின்னால் உள்ள சந்துக்கு அழைத்துப் போனார். முதல் இரண்டிலும் கூடு கட்டினேன், குறை விரலில்தான். டி.சி.யில் 'ஜிய்ங்' என்று ஒரு சத்தம், சிக்கே இல்லை. "அங்கிள், இதில் விரலே தேவையில்லை" என்றார் தம்பி. கோலாலம்பூரிலிருந்து மகனும் போனில், "அதையே வாங்குங்கப்பா, மிச்சத்தை நான் போடுறேன்" என்றான்.

ஏறக்குறைய வாங்கிவிட்டேன். ஆனால், சந்தின் கோடியில் இருந்த பூந்தொட்டியைக் குறி வைத்தபோது, பத்து வீச்சில் ஒன்பது தாண்டிப்போயின. சிக்கில்லாமல் தூரம் போக இயந்திரம் போதும். மரத்தடியில் தோமான் புரண்ட இடத்தில் நிறுத்த விரல் வேண்டும்.

இடையில், முன்பு கட்டிய கூட்டைப் பிரித்துக்கொடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், பிரிப்பது என் இடது கை. எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று அந்தக் கட்டை விரலுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"தம்பி, வலப்பக்கக் கைப்பிடி இருக்கிறதா?" என்று கேட்டேன். இப்போதெல்லாம் வலக்கையால் வீசி இடக்கையால் சுற்றுகிறார்கள். அலமாரி நிறைய இடப்பக்கக் கைப்பிடிதான். உள்ளே தேடி ஒரு தாத்துலா கொண்டுவந்தார். இனி இடக்கையால் வீசி, இடது விரலால் நிறுத்தி, மரத்த வலக்கையால் சுற்ற வேண்டியதுதான். சுற்றுவதற்கு நுனி உணர்ச்சி எதற்கு? பழகாத கை தடுமாறும்போது, திருகைக் கூட்டி வைத்துக் குறைத்துக்கொண்டே வரலாம் என்பதால் காந்தத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் முதல் பள்ளித் திடலில் பயிற்சி. திருகு 16இல். முதல் நாள் ஈயக்குண்டு என் காலடியிலேயே விழுந்தது. அடுத்தது தலைக்குப் பின்னால். கை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பென்சில் பிடிப்பதுபோல் இறுகிக்கொண்டது.

அப்போது நினைவுக்கு வந்தான் ஒரு பையன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, 1979. தோட்டப் பள்ளி. ஒன்றாம் வகுப்பில் இடக்கையால் எழுதுவான். அன்றைய வழக்கப்படி பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் வைப்பேன். மறுபடி மாற்றினால் அடிமட்டத்தால் விரல் கணுவில் ஒரு தட்டு. ஆண்டு முடிவில் வலக்கையால் எழுதினான். தலைமையாசிரியர் என்னைப் பாராட்டினார். அந்தப் பிள்ளையின் 'அ' கடைசிவரை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதைக் கவனக்குறைவு என்று குறிப்பேட்டில் எழுதியவன் நான். கை மாறி எழுதுவது என்றால் என்னவென்று, எழுபதை நெருங்கும் வயதில், ஆளில்லாத திடலில் ஈயக்குண்டைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. என்னை யாரும் அடிக்கவில்லை. எனக்குத் திருப்பிக்கொள்ள ஒரு திருகும் இருந்தது.

மூன்று மாதமாகிறது. திருகு இப்போது 9இல் நிற்கிறது. போன சனிக்கிழமை சென்டரோவில், 14 கிராம் ஸ்பூனுக்கு ஒரு கிலோகூட இல்லாத செபராவ் ஒன்று மாட்டியது. திரும்ப விட்டுவிட்டேன். அன்று இரண்டு முறை கூடும் கட்டியது. நண்பர் திரும்பிக்கொள்ளவில்லை, வாய்விட்டுச் சிரித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கை நடுங்கும் வயதில் ரீல் வாங்கப் போகிறவர்கள், கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு நூல்சிக்கைப் பிரித்துப் பாருங்கள். எந்த விரல் இன்னும் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது இருக்கும். எங்கே இருக்கிறானோ, எந்தக் கையால் கையெழுத்துப் போடுகிறானோ.