பெய்யாமல் போகும் முகில்

ஓகஸ்ட் நடுப்பகல். எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலே முகில்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. புத்தளம் களப்புப் பக்கமிருந்து ஏறி, வில்பத்துக் காட்டைத் தாண்டி வடகிழக்கே போகின்றன. அவற்றின் நிழல் மட்டும் செம்மண்ணில் விழுந்து நகர்கிறது. ஒரு துளி இல்லை.

ஆற்றோரம் சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் வலையை விரித்துக் காயவைக்கிறார். சோளகக் காற்று அதை ஊதித் தூக்குகிறது. நான்கு மூலையிலும் கல்லை வைக்கிறார். பக்கத்தில் சிறுவன் அண்ணாந்து நிற்கிறான்.

“வாப்பா, மழ வருமா?”

“இது பெய்யாது மகன். மழையெல்லாம் இப்ப மலைநாட்டுல.”

கல்லை அழுத்தியபடி அவர் சொன்னது அப்படியே உண்மை. தென்கிழக்கே ஏறக்குறைய 175 கிலோமீட்டரில் பாவா ஆதம் மலை, சிவனொளிபாதமலை, 2,243 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கு மோதுவதும் இதே சோளகப் பருவக்காற்றுதான், சுமப்பதும் இதே கடலின் ஈரம்தான். மலைச்சரிவு அதை மேலே ஏற்றுகிறது. ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்தபின் அவ்வளவு ஈரத்தையும் வைத்திருக்க அதனால் முடியாது. அந்த மலைச்சரிவு வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுவது அதனால்தான். இங்கே காற்று ஏற ஒரு குன்றும் இல்லை. சுமையை இறக்காமலே கடந்துபோகிறது. புத்தளத்துக்கு ஆண்டு முழுவதற்கும் 1,200 மில்லிமீட்டர் அளவில் கிடைத்தால் பெரிது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கியபின். இடையில் வரும் மழையற்ற மாதங்களில் இந்தக் காற்றையும் வெயிலையும் வைத்து உப்பளங்களில் உப்பு விளைகிறது.



பாலத்துக்குக் கீழே கலா ஓயா ஓடுகிறது. கரையில் மருத மரங்கள் கரும்பச்சை. சற்றுத் தள்ளினால் காடு சருகு நிறம். மழையே இல்லாத மாதத்தில் இந்த நீர் எங்கிருந்து? மலைநாட்டில் பெய்ததில் ஒரு பங்கும் இதில் கலந்திருக்கிறது. 1976 முதல் பொல்கொல்லவில் மலைநாட்டு மகாவலி ஆற்றின் ஒரு பகுதி திருப்பப்பட்டு, சுரங்கம் வழியே போவத்தென்ன சென்று கலாவெவக் குளத்தை அடைகிறது. வயல்களில் பாய்ந்து வடிந்த மிச்சம் இந்த ஆற்றில் சேர்ந்து, கங்கேவாடியவில் கண்டல் காடுகளுக்கு நடுவே களப்பைத் தொடுகிறது. தலைக்கு மேல் மறுத்துப்போன மழை காலடியில் ஆறாக வருவதைக் காண மனம் நிறைகிறது.

வலைக்காரர் பாலத்தின் விளிம்பைச் சுட்டி மகனுக்கு ஏதோ காட்டுகிறார். கான்கிரீட்டில் பழைய வெள்ளம் விட்ட சேற்றுக் கறை. கார்த்திகை, மார்கழியில் மேலே குளங்கள் நிரம்பினால் இந்தப் பாலம் மூழ்கும். மன்னார் போகும் பாதை அறுந்துவிடும். இங்கே வெயில் அடிக்கும் நாளிலும் அது நடக்கும். வீட்டைவிட்டுப் புறப்படுமுன் எலுவன்குளத்து வானத்தைப் பார்த்தால் போதாது, மேலே ராஜாங்கனைக் குளத்தில் எத்தனை வான்கதவுகள் திறந்திருக்கின்றன என்று விசாரிக்கவேண்டும்.