கடைத் தோட்டா பிடிக்காத துப்பாக்கி

வைட்ஹார்ஸ் நகரத்தில் செப்டம்பர் மாதம் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "மூஸ் கிடைத்ததா?" என்பதுதான். கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூகானில் ஆகஸ்ட் முதல் தேதி தொடங்கும் மூஸ் வேட்டைப் பருவம் அக்டோபர் கடைசியோடு முடிகிறது. மாடு அளவுக்கு என்று சொன்னால் மாடு வெட்கப்படும்; அவ்வளவு பெரிய மான். ஒன்று விழுந்தால் ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்க இறைச்சி. 1942-ல் போர் அவசரத்தில் வெட்டிய அலாஸ்கா நெடுஞ்சாலை வழியே லாரியில் வரும் கடைக்கறியின் விலையைப் பார்த்த பிறகு, இந்த ஊர்க்காரர்களின் வேட்டையைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டொரன்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து வேலை மாற்றலாகி இங்கே வந்திருக்கும் என் அக்கா மகனோடு தங்கியிருந்தேன். "மாமா, பக்கத்து வீட்டுத் தாத்தா தோட்டா செய்வார், வாங்க காட்டுறேன்" என்று ஒரு மாலை இழுத்துக்கொண்டு போனான். தோட்டா செய்வது என்றதும் நம்மூர்ச் செய்தித்தாள்களின் சட்டவிரோதத் துப்பாக்கிப் பட்டறைப் படங்கள்தான் என் நினைவுக்கு வந்தன. போய்ப் பார்த்தால் நிலவறையில் பளிச்சென்று துடைத்த மரமேசை, கைநெம்பு அச்சு ஒன்று, தராசு, பழைய கணக்கு நோட்டுகள். மேசையில் ஒரே ஒரு வெடிமருந்து டப்பா. இரண்டாவது டப்பாவைத் திறக்கும் முன் முதல் டப்பா அலமாரிக்குள் போயிருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். ஒரு மருந்து இன்னொன்றோடு கலந்தால் துப்பாக்கியோடு கையும் போகும். கவனம் சிதறக் கூடாது என்று போன்களை மாடியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்.

பெரியவர் கனடியன் ரேஞ்சர்ஸ் படையில் இருந்தவர். 1947-ல் தொடங்கிய அந்தப் படை, வடக்கின் ஆளரவமற்ற நிலத்தைக் காவல் காக்கும் உள்ளூர்க்காரர்களின் படை. சிவப்பு மேல்சட்டையும் லீ-என்ஃபீல்டு ரைபிளும் அவர்களின் அடையாளம். நம்மூர்க் காவலர்கள் தோளில் பார்த்துப் பழகிய அதே 'த்ரீ நாட் த்ரீ'தான். மைனஸ் நாற்பதில் எண்ணெய் உறைந்து நவீன துப்பாக்கிகள் முரண்டு பிடிக்கும்போது, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் இது வேலை செய்யும். அதனாலேயே எழுபது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 2018 வாக்கில் ஃபின்லாந்து வடிவமைப்பில் புதிய ரைபிள் வந்தது. பழையதை ரேஞ்சர்களே வைத்துக்கொள்ள விட்டார்கள்.

அவருடையது டொரன்டோ அருகே லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் போர்க்காலத்தில் செய்தது. அங்கே ஒன்பது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். செய்த கைகளில் பெண்களின் கைகள் ஏராளம். ஒரே அச்சில் வார்த்ததுபோல் தெரியும் அந்த லட்சங்களில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் பெரியவர் அன்றிரவு முழுக்கச் சொன்னார்.

குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் பள்ளங்கள் பொதுவாக இதில் ஐந்து இருக்கும். போர் நெருக்கடியில் நேரத்தை மிச்சம்பிடிக்க, இரண்டே பள்ளத்தோடு பல குழல்களைச் செய்தார்கள். இவருடையது அந்த ரகம். மென்மையான ஈயக் குண்டு ஒன்றை எண்ணெய் தடவி, குச்சியால் குழல் முழுக்கத் தள்ளி எடுத்து அளந்தால் உள்ளகலம் தெரிந்துவிடும். ஐந்து பள்ளமானால் ஒரு பள்ளத்துக்கு எதிரே மேடு வந்து அளவுகோலை ஏமாற்றும். இரண்டு பள்ளம் நேருக்கு நேர் நிற்பதால் சிக்கல் இல்லை. "அவசரத்தில் செய்தது எனக்கு வசதியாகப் போயிற்று" என்று சிரித்தார். பழைய குழல்களின் அகலம் ஒன்றுக்கொன்று மாறும். கடைத் தோட்டாவின் குண்டு இவர் குழலுக்குக் கொஞ்சம் ஒல்லி. தளர்ந்துபோய்க் குறி சிதறும்.

அதைவிடப் பெரிய விஷயம், குண்டையும் மருந்தையும் தாங்கும் பித்தளைக் குப்பி. பதுங்குகுழிச் சேறு ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்று ராணுவம் இந்தத் துப்பாக்கியின் அறையைத் தாராளமாகக் குடைந்துவிட்டது. தோட்டாவை அதன் இடத்தில் நிறுத்துவது அடியில் இருக்கும் விளிம்பு மட்டுமே. தோள்பகுதியைச் சுற்றி வெற்றிடம். சுட்டவுடன் குப்பியின் முன்பாதி உப்பி அறைச் சுவரைப் பிடித்துக்கொள்ள, பின்பாதி, அறையைப் பின்னால் அடைக்கும் போல்ட்டை நோக்கிப் பின்னுக்கு இழுபடுகிறது. அடிக்குச் சற்று மேலே பித்தளை மெலிகிறது. நான்கைந்து தடவை அதே குப்பியைப் பயன்படுத்தினால் ஒருநாள் இரண்டாகப் பிய்ந்து, மேல்பாதி அறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மூஸ் எதிரே நிற்கும்போது அப்படி ஆகக் கூடாதே!

இதற்கு அவர் செய்யும் வைத்தியம் இரண்டு. புதுக் குப்பியை முதன்முறை சுடும்போது விளிம்புக்கு முன்னால் சின்ன ரப்பர் வளையம் மாட்டிவிடுகிறார். அது குப்பியைப் பின்னால் போல்ட்டோடு அழுத்தி வைப்பதால், இழுபடுவதற்குப் பதில் தோள்பகுதி முன்னால் உப்பி அறையின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. அதன்பிறகு கழுத்தை மட்டும் குறுக்கிப் புதுக் குண்டு பொருத்துகிறார்; உடம்பைத் தொடுவதே இல்லை. நுனி வளைத்த கம்பி ஒன்றைச் சுட்ட குப்பிக்குள் விட்டுத் தடவிக் காட்டினார். நல்ல குப்பியில் வழுக்கிக்கொண்டு போன கம்பி, மெலிந்த குப்பியில் ஒரு வளையத்தில் தட்டி நின்றது. அதை நசுக்கித் தகர டப்பாவில் போட்டார்.

பித்தளை என்று வந்ததும் எனக்குத் தெரிந்த ஒன்றை நானும் சொன்னேன். வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிய தோட்டாக்கள் சுடாமலேயே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும், அழுத்தி இழுத்துச் செய்த பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்த வினை அது என்று 1921-ல் விளக்கினார்கள். மிதமாகச் சூடுகாட்டி இறுக்கத்தைத் தளர்த்துவதே மருந்து. பெரியவர் எழுந்துபோய் ஒரு சின்னக் கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார். சில தடவை சுட்ட குப்பிகளின் கழுத்தை அதில்தான் வாட்டுகிறார்.

அவருடைய வெடிமருந்து ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் செய்தது. வெயிலிலும் பனியிலும் வேகம் அதிகம் மாறாது என்பதால் இங்கே அதற்கு மதிப்பு. எடையைக் கிரெய்ன் கணக்கில் பார்க்கிறார். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய அரைக் குன்றிமணி. தராசு முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோது அவர் முகம் எங்கள் தெரு ஆசாரியின் முகம். வெடிமருந்துக் கம்பெனி அச்சிட்ட கையேட்டின் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து தோட்டா. கையேட்டின் உச்ச அளவை அவர் எட்டியதே இல்லை. மவுசர் ரைபிளில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் அதன் முன்பக்கம் இருக்கும், லீ-என்ஃபீல்டில் பின்பக்கம். அதனால் சுடும்போது இரும்பே கொஞ்சம் நெளிகிறது. "வேகம் வேண்டுமென்றால் வேறு துப்பாக்கி வாங்கு. இதனிடம் முதலில் எது பிடிக்கும் என்று கேட்க வேண்டும்."

மறுநாள் ஊருக்கு வெளியே சுடுகளத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஆஸ்பென் மரத்து இலைகள் மஞ்சளாக நடுங்கிக்கொண்டிருந்தன. குறைந்த அளவில் ஓட்டைகள் அட்டையெங்கும் சிதறின. நடு அளவில் ஐந்தும் உள்ளங்கைக்குள் ஒடுங்கின. அதற்கு மேல் ஏற்றியதும் மறுபடி விரிந்தன. சுடும் கணத்தில் குழல் அதிர்கிறது. குண்டு வெளியேறும் நேரம் அந்த அதிர்வோடு ஒத்துப்போகும் அளவு ஒன்று உண்டு, அதைத்தான் தேடுகிறேன் என்றார். உரிமம் உள்ளவர் பக்கத்தில் நின்றால் சுடலாம் என்று என்னையும் உட்காரவைத்தார். தோளில் விழுந்த உதை இரண்டு நாளுக்கு இருந்தது. என் ஓட்டை எங்கே விழுந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

தனக்கும் ஒரு பழைய லாங் பிராஞ்ச் வாங்கியிருந்த என் அக்கா மகன், "எனக்கும் ஒரு பெட்டி கொடுங்களேன்" என்று கேட்டான். பெரியவர் பெட்டியை மூடித் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். தன் மகளின் ரைபிளுக்கே இதைக் கொடுப்பதில்லையாம். "என் துப்பாக்கியின் அறையில் உப்பிய குப்பி அவள் துப்பாக்கியின் அறையில் போனால் போல்ட் மூடாது" என்றார். "கடையில் ஒரு பெட்டி வாங்கு. உன் துப்பாக்கியிலேயே சுடு. வெறும் குப்பிகளை எடுத்துக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம்."

அன்று சாயங்காலமே அவன் கடைக்குப் போனான்.