செர்காமில் ஒரு குளிர்காலம்

பிப்ரவரியில் செர்காமுக்குப் போகிறவர்கள் கடலோரத்தில் சுட்டமீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் உள்ளே, என் பாட்டி பால்வெட்டிய தோட்டத்துப் பக்கம் போனேன். வழியெல்லாம் செம்பனை. மிஞ்சிய சில நிரைகளில் பால்மரங்கள் மொட்டையாக நின்றன. காலடியில் சருகு நொறுங்கியது.

நம் நாட்டில் பனி ஏது? ஆனாலும் தோட்டத் துரைமார் இதற்கு 'விண்டரிங்' என்றே பெயர் வைத்தார்கள். குளிர்நாட்டு மரங்கள் பனிக்காலத்தில் செய்வதை, அமேசானிலிருந்து வந்த இந்த மரம் வறண்ட மாதங்களில் செய்கிறது. இலை வழியே தண்ணீர் வீணாகாமலிருக்க இலையையே உதிர்த்துவிடுகிறது. பிறகு, சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத் தளிர்விடுகிறது. அந்த வாரங்களில் பால் குறையும்.

மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896-இல் ரப்பர் நட்ட காலம் முதல் இதே கதைதான். பால் குறைந்தால் கூலியும் குறையும். பாட்டி மரவள்ளி, முருங்கைக்கீரை, இரண்டு ஆடுகளை வைத்துச் சமாளித்தார். அம்மாவின் பள்ளிச் செலவுக்கு ஓர் ஆட்டை விற்றதும் ஒரு பிப்ரவரியில்தான்.

“மரத்து மேல கோவம் வராதா பாட்டி?” என்று கேட்டிருக்கிறேன்.

“அதுவும் பொழைக்கணும்ல, கண்ணு.”

சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் வரும். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.