வீட்டிலேயே ஐஸ்கிரீம்!

ஐஸ்கிரீம் என்றால் கடைக்குத்தான் ஓட வேண்டுமா, என்ன? ஃப்ரிஜ்ஜும் மிக்ஸியும் இருந்தால் போதும்.

1 லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சுங்கள். 2 டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் கொஞ்சம் ஆறின பாலில் கரைத்து ஊற்றி, 150 கிராம் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க விட்டு இறக்குங்கள். சூட்டில் ருசி பார்த்தால் தித்திப்பு தூக்கலாகத்தான் தெரியும், குளிர்ந்தால் மட்டுப்பட்டுவிடும். நன்றாக ஆறியதும் நாலு சொட்டு வெனிலா எஸன்ஸ் விட்டு, மூடி ஃப்ரீஸரில் வையுங்கள். பாதி உறைந்ததும் எடுத்து மிக்ஸியில் ஒரு சுற்று; மறுபடி ஃப்ரீஸர். இப்படி இரண்டு தடவை. சூட்சுமமே இதுதான். ஐஸ் துகள் உடைந்து காற்றும் கலந்தால், நறநறக்காமல் வெண்ணெயாக வரும்.

டைபாய்டில் கிடந்து எழுந்த என் மாமியார், கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். டாக்டரைக் கேட்டுக்கொண்டு இதில் ஒரு கிண்ணம் நீட்டினேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்றாரே, அன்றைக்குத்தான் எனக்கும் சோறு இறங்கிற்று!