உதிரப்பட்டியும் கீரைப்பாத்தியும்

போரில் விழுந்தவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை நம் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்கின்றன. கவிதைக்கு வாகான சொல். எனக்கு இது கணக்குப்பிள்ளையின் சொல்லாகத்தான் படுகிறது. இவ்வளவு ரத்தம், இவ்வளவு நிலம். படைவீரனுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை அரசுகள் எக்காலத்திலும் இந்தப் பேரேட்டில்தான் பதிந்து வந்திருக்கின்றன. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குப் பஞ்சாபின் கால்வாய்க் குடியேற்றங்களில் வெள்ளையர் ஆட்சி நிலம் வழங்கியது. தன் சொந்த நாட்டில் 1919இல் ஒரு சட்டம் இயற்றி, திரும்பி வந்தவர்களை மனத்தில் கொண்டு சிறு பண்ணைகளுக்கும் தோட்டத் துண்டுகளுக்கும் வழி செய்தது. இக்கணக்கின் மறுபக்கத்தை ரோம் காட்டுகிறது. கி.மு. 42இல் பிலிப்பி போர் முடிந்ததும் வென்ற படையினருக்குக் கொடுப்பதற்காக இத்தாலியக் குடியானவர்களின் நிலங்கள் பறிக்கப்பட்டன. வர்ஜிலின் ஆயர் பாடல்களில் முதலாவது, நிலத்தை இழந்து வெளியேறுகிறவன் நிலம் தப்பித்தவனோடு பேசும் பேச்சுதான்.

இந்தப் பேரேட்டில் எந்தப் பத்தியிலும் ஏற்ற முடியாத ஒரு காரியத்தை ஆவடியில், என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, 2024இன் தொடக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன்.

ஆவடி படையின் நிழலில் வளர்ந்த ஊர். 1961இல் வந்த கனரக வாகனத் தொழிற்சாலையில் பீரங்கி வண்டி செய்கிறார்கள். இன்னொரு தொழிற்சாலையில் சீருடை தைக்கிறார்கள். விமானப் படைத் தளம் இருக்கிறது. ஓய்வு பெற்ற மிலிட்டரிக்காரர்கள் இங்கேயே மனை வாங்கித் தங்கிவிடுவது வழக்கம். 2022க்கு முன்பு சிப்பாயாகச் சேர்ந்தவனுக்குப் பதினைந்து வருஷத்தில் பென்ஷன் தகுதி வந்துவிடுவதால், நாற்பதைத் தொடுமுன்பே ‘முன்னாள்’ ஆகிவிடுகிறவர்கள் ஏராளம். மிச்ச வாழ்க்கைக்குப் பெரும்பாலும் ஏ.டி.எம். வாசலில் காவல் உத்தியோகம்.

நான் சொல்ல வந்த இடம் ஏறக்குறைய இருபது சென்ட். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. அப்படி விடப்பட்டு, வருஷக்கணக்கில் ரப்பீஸ் கொட்டிக் கிடந்த இடம் அது. தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி அக்கம்பக்கத்தவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு அதில் கீரையும் வெண்டையும் அவரையும் போட ஆரம்பித்தார். வேலை செய்கிறவர்கள் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்வார்கள். வாரத்தில் ஒரு நாள் கீரை அங்கன்வாடிக்குப் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மேலே களி, கீழே கட்டட இடிபாடு. தேங்கிய தண்ணீர் எட்டு நாள் வடியவில்லை. அவ்வளவும் அழுகிப் போயிற்று.

அதற்குப் பிறகு வந்தவர்கள்தாம் இந்த ஐந்து பேர். யாரும் கூப்பிடவில்லை. ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார் முதலில் வந்து வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் கடப்பாரையோடு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர். பத்து நாள் ஒரு விதைகூட ஊன்ற விடவில்லை. ரப்பர் குழாயில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்தார்கள். முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். நிலம் எந்த மூலையில் தாழ்கிறது என்று கண்டபிறகு அந்த மூலையை நோக்கிச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டிய மண்ணில் ஒன்றரை அடி உயரத்துக்குப் பாத்திகள் எழுந்தன. தாழ்ந்த மூலையில் ஆளுயரக் குழி தோண்டிச் செங்கல் ஜல்லியால் நிரப்பினார்கள். பதுங்குகுழியில் மாதக்கணக்கில் கிடந்தவனுக்கு முதல் எதிரி தண்ணீர் என்பதை இவர்கள் மண்வெட்டி பிடிக்கும் விதத்தில்தான் நான் புரிந்துகொண்டேன். “தண்ணி எங்க போவும்னு தெரியாம மண்ணுல கை வைக்கக் கூடாது சார்” என்றார் ஹவில்தார்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. சுவரில் டியூட்டி பட்டியல் ஏறியது. கருவிகளைக் கழுவி, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றுக்கும் பெயிண்டில் வரைந்த உருவத்தின் மேல் மாட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. “இது தோட்டமா, பாரக்ஸா அண்ணே?” என்று தையற்காரப் பெண்மணி கேட்டுவிட்டார். வரிசையில் நில்லாததெல்லாம் களை என்று பிடுங்கிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி, “அது மூக்கிரட்டை. பருப்புல போட்டுக் கடையலாம்” என்று காட்டிக்கொடுத்தவரும் அவரே. இன்று பாத்திகளின் ஓரத்தில் மூக்கிரட்டைக்கு ஒரு பட்டை நிலம் விட்டிருக்கிறார்கள். அதையும் கயிறு கட்டித்தான்.

இதைப் பார்க்க வருகிறவர்கள் கையோடு ஒரு வாக்கியத்தையும் கொண்டுவருகிறார்கள்: மண் காயங்களை ஆற்றும். ஆதாரமில்லாத வாக்கியம் என்று சொல்லமாட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க மருத்துவமனைகளில் காயம்பட்ட படையினருக்குத் தோட்ட வேலை கொடுத்துப் பார்த்ததிலிருந்துதான் தோட்டச் சிகிச்சை என்னும் துறை அங்கே வேரூன்றியது. ஆனால் எங்கோ சிலருக்குப் பலித்த மருந்து இங்கே எல்லோர் மீதும் ஒட்டும் லேபிளாகிவிடுகிறது. மண்வெட்டியோடு நிற்கிற மனிதனை நோயாளியாக்கிவிட்டால் அவன் மீது இரக்கப்படலாம்; அவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோது ஹவில்தார் சொன்னார்: “எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல சார். வடிகால் சரியில்ல, அதப் பாக்க வந்தேன்.”

அரசும் முன்னாள் படையினரை மண்ணுக்கு அனுப்பியிருக்கிறது. சுண்ணாம்புக் கல் வெட்டி மொட்டையாகிப்போன முசூரிச் சரிவுகளில் மரம் வைக்க, 1982இல் பிரதேசப் படையின் ஒரு பட்டாலியனை அவர்களைக் கொண்டே திரட்டினார்கள். நல்ல காரியம், அங்கே சீருடை உண்டு, சம்பளம் உண்டு. இந்த ஐவருக்கு இரண்டும் இல்லை. கீரையில் பங்கு உண்டு. பாதி நாள் மறந்துவிட்டுப் போகிறார்கள்.

ஐவரில் ஒருவர் நாயக்காக ஓய்வு பெற்றவர். 1987இல் இந்திய அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனபோது அவருக்கு இருபத்தொரு வயது. அந்தப் படையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தப் படையின் கையால் செத்தவர்களில் ஆயுதம் தொடாதவர்களும் உண்டு. அவர்கள் பேசியது இவர் பேசும் மொழி. 1990 மார்ச்சில் கடைசி அணிகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. தமிழ்நாட்டில் பலருக்கு அது சரியென்றே பட்டது.

நாயக் இவை எதையும் பேசுவதில்லை. அந்த மண்ணைப் பற்றி மட்டும் பேசுவார். வற்றாத ஆறே இல்லாத ஊர்; சுண்ணாம்புப் பாறைக்கு மேல் செம்மண்; கிணற்றிலிருந்து இறைத்தே வெங்காயமும் மிளகாயும் எடுக்கிற ஜனங்கள். வீட்டுக்கு வீடு உயிர்வேலி. இங்கே முள்கம்பி போடலாம் என்று பேச்சு வந்தபோது ஒத்துக்கொள்ளாதவர் அவர். எங்கிருந்தோ கிளுவைப் போத்துகள் வெட்டிக் கொண்டுவந்து முழத்துக்கு ஒன்றாக நட்டார். காரணம் கேட்டதற்கு, “கம்பி துருப்பிடிக்கும் சார்” என்றார்.

எழுதுகிறவனுக்கு இந்த இடம் ஆபத்தானது. கிளுவை வேலியைப் படிமமாக்கி, நாயக்கைக் குற்றவுணர்வின் உருவாக்கி, பிராயச்சித்தம் என்று தலைப்பிட்டுவிடலாம். கதை ஒரு ராத்திரியில் எழுதிவிடக்கூடியது. நம் பத்திரிகைகளும் சந்தோஷமாகப் போடும். நான் எழுதப்போவதில்லை. அவருக்குள் என்ன நடக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஆவடியில் முளைக்கும் கிளுவை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் எதையும் திருப்பித் தருவதில்லை. தருவதாக நான் எழுதினால், அங்கே இழந்தவர்களைக் கேட்காமலேயே அவர்களுடைய கணக்கை நான் தீர்த்துவிட்டவனாவேன். அரசு ரத்தத்துக்கு நிலம் கொடுத்துக் கணக்கை முடிக்கிறது. எழுத்தாளன் ரத்தத்துக்கு வியர்வையை வரவு வைத்து முடிக்கப் பார்க்கிறான். இரண்டும் உதிரப்பட்டிதான்.

கணக்கில் வராத இந்த வேலைக்கு ஒரு பெயர் இருந்தால் நன்றாயிருக்கும். சிரமதானம் என்ற சொல் மேடைகளிலும் பானர்களிலும் தேய்ந்துவிட்டது. சேவை என்றால் ஐவருமே சிரிப்பார்கள். இருபது வருஷம் அந்தச் சொல்லுக்கு அவர்கள் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது அந்த இடத்தில் பூங்கா கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. சிமென்ட் பெஞ்சு, நடைபாதை, நீரூற்று. தானப்பத்திரத்தில் திறந்தவெளி என்றுதான் இருக்கிறது. தோட்டம் என்ற வார்த்தை இல்லை. தையற்காரப் பெண்மணி கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைகிறார். ஐவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ராணுவ எண்ணோடு. ஹவில்தாரிடம் பேசிப் பார்த்தேன். “இடம் நம்மளுது இல்லையே சார். பார்க் கட்டுனா கட்டட்டும்” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “அந்த மூலைக் குழிய மட்டும் மூடாம இருக்கச் சொல்லணும். தெருத் தண்ணி பூரா இப்ப அதுலதான் எறங்குது” என்றார்.